தாழியும் பட்டியலும்

நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பகுதியில் அரிது. முதல்நாளே புல் செதுக்கிச் சுண்ணாம்பு பூசி வைக்கிறோம். மறுநாள் பூவும் மெழுகுதிரியுமாகச் சென்று, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க, நம் இறந்தோரின் பெயர்களைச் சொல்லி மன்றாடுகிறோம்.

அதே தோட்டத்தில் வேறொரு காட்சியையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இடம் குறுகிய ஊர்களில் ஒரு குடும்பத்தின் பழைய குழியே மீண்டும் தோண்டப்படுகிறது. முன்னவரின் எலும்பு மண்வெட்டியில் தட்டுப்பட்டால் வேலை சற்று நிற்கிறது. குழி வெட்டுபவர் எலும்புகளைக் கையால் எடுத்து ஒருபுறம் சேர்த்து வைக்கிறார். புதியவரின் பெட்டி இறங்கிய பின் அவற்றையும் உடன் வைத்து மண் மூடுகிறார். இதற்கென்று எழுதப்பட்ட விதி ஏதும் அவர் கையில் இல்லை. எலும்பாகிப் போனவரும் ஒரு மனிதரே என்னும் உணர்வு அவரிடம் இருக்கிறது, அது போதுமானதாயிருக்கிறது.

இந்த எளிய செயலை அளவுகோலாகக் கொண்டு ஒரு பழைய நூலையும், அந்நூல் பேசும் மேட்டைக் குறித்துப் பின்னர் எழுதப்பட்டவற்றையும், செய்யப்பட்டவற்றையும் மதிப்பிட விழைகிறோம். அந்நூல், அலெக்சாண்டர் ரீ தொகுத்து 1915 ஆம் ஆண்டு சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட தொல்பொருட் பட்டியல். ஆதிச்சநல்லூர், பெரும்பேர் என்னும் இரண்டு ஊர்களில் கிடைத்த வரலாற்றுக்கு முற்பட்ட பொருள்களைப் பற்றியது. இலக்கியத் திங்களிதழில் ஒரு பட்டியலைத் திறனாய்வு செய்வதா என்று வாசகர் வினவலாம். பட்டியலும் ஒரு நூலே. எதை முதலில் வைக்கிறது, எதை எதிலிருந்து பிரிக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவற்றில் அதனை எழுதியவரின் நோக்கும், அவர் காலத்தின் நோக்கும் வெளிப்பட்டே தீரும்.

மேடு

கயத்தாற்றிலிருந்து தெற்கே திருநெல்வேலி சென்று, அங்கிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில், வயல்களுக்கு நடுவே, சரளையும் பாறையுமாக ஒரு நீண்ட மேடு கிடக்கிறது. ஊரார் அதனைப் பரம்பு என்கின்றனர். பரப்பு 114 ஏக்கர். சாலை அந்த மேட்டின் ஊடே செல்கிறது. ஆகவே திருச்செந்தூருக்குப் பேருந்தில் போய்வந்த நம்மவர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு பெருங்கல்லறைத் தோட்டத்தைக் கடந்து சென்றவர்களே.

மேட்டின் மேல் மண் மெல்லியது, அடியில் பாறை. பழங்கால மக்கள் அப்பாறையைக் குடைந்து, குடைந்த குழியில் தாழியை இறக்கினர். சில இடங்களில் ஒரு தாழிக்கும் அடுத்த தாழிக்கும் இடையே பாறையையே தடுப்பாக விட்டு வைத்திருந்தனர் என்று ரீ குறிக்கிறார். அவர் கூறும் மற்றொன்றும் நோக்கத் தக்கது: இறந்தோருக்கென இம்மேட்டைத் தேர்ந்ததால் பயிரிடும் நிலம் வீணாகவில்லை. ஆற்றங்கரையின் வண்டல் முழுவதும் உயிரோடிருப்போரின் உணவுக்கு. பயிர் ஏறாத பாறை இறந்தோரின் உறக்கத்திற்கு. இப்பிரிவினையில் சிக்கனமும் உண்டு, மரியாதையும் உண்டு. வண்டலை வெட்டுவது எளிது; பாறையைக் குடைவது எளிதன்று. அவ்வளவு உழைப்பையும் அவர்கள் தம் இறந்தோருக்காகச் செய்தனர்.

தாழிகளுள் சிலவற்றில் முழு உடல் குந்திய நிலையில் வைக்கப்பட்டிருந்தது. பலவற்றில் எலும்புகள் மட்டும் சேர்த்து இடப்பட்டிருந்தன. இரண்டாம் வகையைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. உடல் மண்ணோடு கலந்தபின் எஞ்சியதைச் சேர்த்து மீண்டும் அடக்கம் செய்யும் வழக்கத்தின் நிழல் நம் கல்லறைத் தோட்டங்களிலும் இருப்பதை மேலே கண்டோம்.

பட்டியல்

இந்திய தொல்லியல் துறையைச் சேர்ந்த ரீ, 1899 முதல் சில ஆண்டுகள் இம்மேட்டை அகழ்ந்தார். அவருக்கு முன்னரே, 1876 இல், பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் இங்கே தோண்டிக் கிடைத்தவற்றைத் தம் நாட்டு அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றிருந்தார். 1904 இல் லூயி லாப்பிக் என்னும் பிரெஞ்சு அறிஞரும் வந்து தோண்டினார். அவர் எடுத்தவை பாரிசு சென்றன. ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே மேட்டில் அருகருகே உறங்கியவர்களின் உடைமைகள் மூன்று நகரங்களுக்குப் பிரிந்து போயின.

ரீயின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றிகெட்ட செயலாகும். அவர் வராதிருந்தால் இம்மேடு இன்று இருந்திருக்குமா என்பதே ஐயம். கிடைத்தவற்றுக்கு எண்ணிட்டார், அளந்தார், படம் எடுத்தார். நெற்றியில் கட்டுவதற்கு இரு முனையிலும் துளையிட்ட பொற்பட்டங்கள், எருமையும் சேவலும் புலியும் அமைந்த வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், கருப்பு சிவப்பு மட்கலங்கள் யாவும் அவர் பட்டியலில் இடம் பெற்றன. அணியும் கலமும் வெண்கலத்தால், கருவியும் படைக்கலமும் இரும்பால் என்ற வேறுபாட்டையும் அவர் கண்டு கூறினார். கலங்களுக்குள் நெல், தினை முதலியவற்றின் உமி இருந்ததையும், உலோகத்தின் மேல் துணி ஒட்டியிருந்த தடத்தையும் அவர் கவனித்தார். இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் அவர் காலத்தில் மிகச் சிலரே.

ஆயினும் பட்டியலின் அமைப்பில் ஒரு குறை இருக்கிறது. அதனை வெளிப்படையாகச் சொல்லுதல் திறனாய்வின் கடமை. பொன் ஓரிடம், வெண்கலம் ஓரிடம், இரும்பு ஓரிடம், மட்கலம் ஓரிடம் என்று பொருள்கள் பொருள்வகையால் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாயின் நெற்றிப் பட்டமாக இருந்திருக்கக் கூடிய பொன் ஒரு பக்கத்தில். அவளோடு வைத்த சோற்றுக்கலம் பல பக்கங்கள் தள்ளி வேறொரு தலைப்பில். ஒரு தாழிக்குள் ஒருவரோடு ஒன்றாய் இருந்தவற்றை மீண்டும் ஒன்று சேர்க்க விரும்பும் வாசகனுக்கு அது கடினமான வேலை. அருங்காட்சியகத்தின் அலமாரிக்கு இம்முறை வசதியானது. கல்லறையைப் புரிந்துகொள்வதற்கு இது ஏற்றதன்று. கல்லறை என்பது பொருள்களின் கூட்டமன்று. ஒருவருக்கு மற்றவர்கள் செய்த கடைசிக் கடமை. கடமையைச் செய்தவர்களின் கை எந்தப் பொருளை எதனருகில் வைத்தது என்பதே அங்கே முதன்மையான செய்தி.

இக்குறையை ரீ அறவே உணராதவர் அல்லர். அவருடைய விவரிப்பில் ஓரிடத்தில் நம் உள்ளம் நின்றுவிடுகிறது. இரும்பு ஆயுதங்கள் எப்போதும் முனை கீழ்நோக்கியே கிடைத்தன என்றும், துக்கத்திற்கு வந்து நின்றவர்கள் அவற்றைச் சுற்றிலும் நிலத்தில் குத்திவிட்டது போலத் தோன்றியது என்றும் அவர் எழுதுகிறார். அங்கே மட்டும் பொருளுக்குப் பின்னால் மனிதர் தெரிகின்றனர். ஓர் உறவினர் கூட்டம் குழியைச் சுற்றி நிற்கிறது. ஒருவர் தம் கையிலிருந்த ஈட்டியை மண்ணில் ஊன்றிவிட்டுத் திரும்புகிறார். நாம் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண்ணைக் குழியில் இட்டுவிட்டுத் திரும்புவதை இது நினைவூட்டவில்லையா? நூல் முழுவதும் இக்கண்கொண்டு எழுதப்பட்டிருக்குமாயின் அது பட்டியலாக மட்டும் நின்றிராது.

இத்தகைய கண் நம் மரபுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 256 ஆம் பாடலில், கணவனோடு நெடுவழி வந்து அவனை இழந்த ஒரு பெண், தாழி வனையும் குயவனிடம், தனக்கும் இடம் இருக்குமாறு அதனை அகலமாகச் செய்து தரும்படி வேண்டுகிறாள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுள் பல அப்பாடலினும் பழையவை. ஆயினும் தாழி என்பது என்ன என்று நமக்கு விளக்க அவ்வொரு வேண்டுகோள் போதும். அளவும் எடையும் கூறாத செய்தியை அவள் கூறிவிடுகிறாள்.

மாறிய பயன்கள்

ஓர் இடத்தை ஒரு தலைமுறை எதற்காக ஏற்படுத்துகிறதோ, அதற்காகவே பின்வருவோர் அதனைப் பயன்படுத்துவர் என்று சொல்வதற்கில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைத் தூக்கிலிடக் கும்பினிப் படை கயத்தாற்றைத் தேர்ந்தது. கூட்டி வைக்கப்பட்ட பாளையக்காரர்கள் கண்டு அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். 1970 இல் நடிகர் சிவாஜி கணேசன் அங்கே சிலை நிறுவினார். அச்சுறுத்துவதற்குத் தேர்ந்த நிலம் அஞ்சலி செலுத்தும் நிலமாயிற்று.

உலகின் மறுகோடியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரையில் நியூகிரேஞ் என்னும் பெருங்கல்லறை மேடு ஏறத்தாழ கி.மு. 3200 இல் எழுப்பப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதனைப் புனித இடமாகக் கருதிய சிலர் உரோமைக் காசுகளை அங்கே காணிக்கையாக இட்டனர். 1699 இல் நிலக்கிழார் ஒருவருக்கு அது சாலை போடக் கல் கிடைக்கும் குவியலாக மட்டும் தெரிந்தது. கல் எடுக்கப் போய்த்தான் வாயில் தென்பட்டது. 1960களில் அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி, கதிரவன் ஒளி கல்லறைக்குள் புகும் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வந்ததை ஒதுக்கித் தள்ளவில்லை. 1967 திசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகலில், விடியற்காலை உள்ளே சென்று காத்திருந்தார். ஒளி உள்ளறை வரை வந்தது. ஊராரின் பேச்சைச் செவிமடுத்த அறிஞருக்குக் கிடைத்த பரிசு அது.

ஆதிச்சநல்லூர் மேட்டின் பயன்களும் இவ்வாறே மாறி வந்துள்ளன. முதலில் அது அடக்க நிலம். அடக்கம் செய்தோரின் மரபு அறுந்தபின் பெயரற்ற பரம்பு. பின்னர் அது ஒரு கதையின் களம்: முற்காலத்தில் முதியோர் சாகாமல் குறுகிச் சிறுத்துப் போவர், அவர்களை மாடக்குழியில் வைத்துக் காப்பர், இறுதியில் தாழியில் இட்டுச் சோறும் நீரும் வைத்து மூடுவர் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது நடந்த வரலாறு அன்று. தாழிகளில் இளையோரும் உண்டு. எலும்பான பின்னர் இட்டவையும் உண்டு. ஆயினும் கதையை எள்ளி நகைக்க வேண்டியதில்லை. முதியோரைச் சுமையாகக் கருதும் வீடுகளின் குற்ற உணர்வு அக்கதையில் ஒளிந்திருக்கிறது. அது இன்றும் தீர்ந்தபாடில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மேடு அயல்நாட்டாருக்கு அரும்பொருள் எடுக்கும் களமாயிற்று. அடுத்து, இனங்களைத் தரம் பிரிக்கும் ஆராய்ச்சிக்குச் சான்றாயிற்று. இங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி சுக்கர்மன் எழுதிய கட்டுரை 1930 இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. எலும்பின் நீள அகலங்களைக் கொண்டு இறந்தவர் எந்த இனத்தவர் என்று முடிவு செய்வதே அக்காலத்தின் பெருவினா. ரீயின் பட்டியல் பொருளைப் பார்த்து மனிதரை மறந்தது என்றால், இக்கட்டுரை மனிதரைப் பார்த்தும் அவரை ஓர் இனத்தின் மாதிரியாக மட்டும் கண்டது. இரண்டனுள் இரண்டாவதே நமக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

தாமதமும் பெருமையும்

நூறாண்டு கழித்து, 2003-04, 2004-05 ஆகிய ஆண்டுகளில் இந்திய தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. 600 சதுர மீட்டர் அளவேயான இடத்தில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஓர் ஓட்டில் பெண், மான், நாரை, முதலை ஆகியவற்றின் உருவங்கள் ஒட்டுவேலையாக அமைந்திருந்தன. செய்தியிதழ்கள் பெரிதாக எழுதின. ஆனால் முழு அறிக்கை 2019 ஆம் ஆண்டிலும் வெளிவரவில்லை. பொதுநல வழக்கு ஒன்றில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வற்புறுத்தியபின்தான் பழைய மாதிரிகள் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பப்பட்டு, கி.மு. 905, கி.மு. 696 என்னும் இரண்டு காலங்கள் 2019 இல் தெரிய வந்தன.

இத்தாமதத்தை நிருவாகக் குறை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியவில்லை. கல்லறையைத் திறப்பவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார். மூடியிருந்தவரை அதனைப் பாதுகாத்தது மண். திறந்தபின் பாதுகாக்க வேண்டியது எழுத்து. எழுதி வெளியிடாத அகழாய்வு, எலும்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு மூடாமல் போன குழி வெட்டுபவரின் செயலுக்கு ஒப்பாகும். அப்படி ஒருவர் செய்தால் நம் ஊர் பொறுத்துக் கொள்ளுமா?

மறுபுறம் நம் மீதும் குறை உண்டு. கி.மு. 905 என்ற ஆண்டு வெளியானபோது நம்மவருள் சிலர் மகிழவில்லை. இன்னும் பழையதாக வராதா என்று ஏங்கினர். மேடைகளில் பல்லாயிரம் ஆண்டுகள் தாராளமாகக் கூட்டப்பட்டன. பின்னர் அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155 ஐச் சேர்ந்தது என்று 2021 இல் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு செல்கிறது. அறிஞர்கள் அதனை ஆராய்ந்து வருகின்றனர். ஆராயட்டும். உண்மை எதுவாயினும் ஏற்போம். ஆனால் நாம் கேட்பது வேறொன்று. ஒருவர் தம் தாயின் தாழியில் ஒரு பிடி நெல்லை வைத்தார். அச்செயலைக் கேட்டதும் அதன் ஆண்டு எவ்வளவு பெரியது என்பது மட்டுமே நமக்குத் தோன்றுமாயின், இனத்தை அளந்த அறிஞருக்கும் தொன்மையை அளக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? இருவரும் இறந்தவரைத் தம் வழக்கிற்குச் சாட்சியாக்குகிறோம். அவர் யாருடைய தாய் என்று இருவருமே கேட்கவில்லை.

2020 பிப்ரவரியில் நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஆதிச்சநல்லூர் சிறப்புத் தொல்லியல் இடங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2021 இல் மீண்டும் அகழாய்வு தொடங்கியது. மறு ஆண்டு ஒரு பொற்பட்டமும் கிடைத்தது. 2023 ஆகஸ்டு 5 ஆம் நாள் அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றே, அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கும் காட்சிக்கூடமும் திறக்கப்பட்டது.

இம்முயற்சியை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். ரீயின் பட்டியலில் நாம் கண்ட குறைக்கு இது சரியான மறுமொழி. பொன்னை ஓர் அலமாரியிலும் மட்கலத்தை வேறோர் அலமாரியிலும் தேட வேண்டியதில்லை; தாழி தன் குழியில், கலம் தாழியின் அருகில், எல்லாம் உறவினர் கை வைத்த அதே வரிசையில் இருக்கின்றன. ஆனால் ஓர் அச்சமும் உண்டு. கண்ணாடியின் மேல் நடப்பது எளிது. கீழே இருப்பது கல்லறை என்பதைச் சொல்லித் தராவிட்டால், பள்ளிப் பிள்ளைகள் அதனை ஓர் உல்லாசப் பயணத்தின் இடைநிறுத்தமாகக் கண்டு மீள்வர். அங்கே வைக்கும் விளக்கப் பலகையில் ஆண்டும் அளவும் இருக்கட்டும். அவற்றுக்கு முன்பாக, 'இங்கே மனிதர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்' என்ற ஒரு வாக்கியம் இருக்க வேண்டும் என விழைகிறோம்.

பதிவேடு

இறுதியாக நம் கைவசமுள்ள வேறொரு பட்டியலை நினைவுகூர்கிறோம். ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு ஒன்று உண்டு. அதில் முதலில் வருவது பெயர். தொடர்ந்து தந்தை பெயர் அல்லது கணவர் பெயர், ஊர், வயது, அடக்கம் செய்த நாள், அடக்கம் செய்த குருவின் ஒப்பம். இறந்தவர் அணிந்திருந்த நகையும் உடுத்திய துணியும் அதில் இல்லை. ரீயின் பட்டியலில் உடைமை இருக்கிறது, பெயர் இல்லை. நம் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, உடைமை இல்லை. ஆதிச்சநல்லூரில் உறங்குவோரின் பெயர்களை இனி எந்த ஆய்வும் மீட்டுத் தராது. அதற்கு ரீ பொறுப்பல்லர். பெயர் தெரியாதவர்களிடமும் பெயருடையவர்களிடம் காட்டும் மரியாதையைக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நாம் அவர் நூலிலிருந்து, அதன் குறையிலிருந்து, கற்கும் பாடம்.

தோபித்து அடக்கம் செய்தது தன் வீட்டாரை மட்டுமன்று. அயல்நாட்டில், தெருவில் கிடந்த தன் இனத்தாரின் உடல்களை, அரசனின் சினத்திற்கும் அஞ்சாமல் எடுத்து அடக்கம் செய்தார் என்று திருநூல் கூறுகிறது. இறந்தவரிடமிருந்து கைம்மாறு எதிர்பார்க்க இயலாது. ஆகவேதான் இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. நமக்கு எவ்விதப் பயனும் தராத நிலையிலும் அவர்களை மதிக்கிறோமா என்பதே கேள்வி. தொன்மைப் பெருமை என்ற பயனைத் தந்தால் மட்டும் ஆதிச்சநல்லூர் மக்களை மதிப்போம் என்றால், அது மதிப்பு ஆகாது.

வரும் நவம்பரில் நம் குடும்பக் கல்லறையின் முன் நின்றபின், இயன்றவர்கள் திருச்செந்தூர்ச் சாலையில் ஒருமுறை இறங்கிப் பரம்பின் மேல் சற்று நேரம் நிற்கலாம். காலடியில் ஓட்டுச்சில்லுகள் கிடக்கும். நினைவாக ஒன்றை எடுத்துவரத் தோன்றும், எடுக்க வேண்டாம். அது எந்தத் தாழியின் அருகில் கிடக்கிறதோ, அந்தத் தாழிக்கு உரியது.